அத்தையின் பலகையை எடுக்கச் சொன்னது நான்தான்

பிள்ளைகளே, அத்தை ஏன் என்னிடம் முன்போலப் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். தப்பு என்னுடையது.

என் அக்கா, உங்கள் அத்தை, ராயபுரத்து மீன் மார்க்கெட்டில் முப்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றவள். மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், ஊசி மருந்து, கரண்டு வைக்கிற கதிர் சிகிச்சை என்று ஒரு வருஷம் போனது. அந்த வருஷம் முழுக்க, பக்கத்தில் விற்கிற அம்மா தினமும் விடியலில் அத்தை மீன் பரப்புகிற பலகையையும் எடுத்துப் போட்டுவைத்தாள். பலகை கிடந்தால் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அங்கே வழக்கம் அது.

சிகிச்சை முடிந்த அன்று டாக்டர், "ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கையால கனம் தூக்காதீங்க, வீங்கிடும்" என்றார். இனி வேலையே கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய், "அக்கா இனிமே வராதும்மா, பலகைய எடுத்துரு" என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

வீட்டில் அவளைத் தண்ணீர்கூட மொள்ள விடவில்லை. "இன்னாடா, கொலு பொம்மையா நானு?" என்று முதலில் சிரித்தாள். இரண்டு மாதம் கழித்து செக்கப்பில், மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று அவளே டாக்டரிடம் கேட்டாள். "கூடையத் தூக்கிவிட ஆள் இருந்தா தாராளமா போங்க. நாலு பேரோட பேசுறது உங்களுக்கு நல்லது" என்றார்.

ஆட்டோவை நேரே மார்க்கெட்டுக்கு விடச் சொன்னாள். "மொத நாளு சங்கரா மீனுதான் போடணும். பேரம் பேசிகினு நிக்கறவளுங்க வாய கேட்டு எம்மா நாளாச்சு." வழியெல்லாம் பேசினாள். பலகையை எடுக்கச் சொன்னது அவளுக்கு அதுவரை தெரியாது.

அவள் இடத்தில் வேறொரு பெண் மீன் பரப்பியிருந்தாள். பக்கத்தில் விற்கிற அம்மா எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் தம்பிதான் எடுக்க சொல்ச்சுக்கா. நான் இன்னா பண்ணுவேன்?"

புதுப்பெண் பயந்து எழுந்தாள். "நீ குந்து கண்ணு" என்றாள் அத்தை. வெளியே வந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். "டாக்டரு நோவு போச்சுன்னாரு. நீ என்னையே அனுப்சிட்டியேடா."

அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுக்கிறாள். சோறு பாதி அப்படியே இருக்கிறது. கை வீங்காமல் இருக்க நீவிவிடப் போனால் இழுத்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஒரு மத்தியானம், மார்க்கெட் காலியானதும் நான் மட்டும் போனேன். ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பின்னால், கழிவுத் தண்ணீர் தேங்கும் ஒரு மூலை யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறது. நாலு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். அத்தை பலகை போட்டு உட்கார முடியுமா என்று காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தேன். மீன் வாங்க வருகிறவர்கள் நுழைகிற வாசல் அங்கிருந்து தெரியவில்லை.