பச்சைப் பொத்தானுக்குக் கீழே

வாழ்நாள் முழுக்க எழுத்துப்பிழை பிடித்தவர் கண்ணுக்கு, எதிரிலேயே இருந்த ஒரு வரி எப்படித் தப்பியது? அன்று யாராவது கேட்டிருந்தால் உங்களுக்கோ எனக்கோ பதில் தெரிந்திருக்காது. அவருடைய மகளுக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் அவள் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் ஆய்வாளர்.

அவளுடைய அப்பா ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஒருநாள், செய்தித்தாள் இலவசம் என்று கைப்பேசியில் மின்னிய பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். அதற்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில், வருடச் சந்தாவுக்குச் சம்மதம் என்ற கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தது. ஓய்வூதியத்தில் ஓட்டை விழுந்தது.

"ஊர்ப் பிழையெல்லாம் திருத்தினீங்க, இந்த ஒரு வரி கண்ணுல படலையாப்பா?"

"படலம்மா."

"எழுதித்தானே இருக்கு!"

அதன்பின் அவர் எதையும் தானாக அழுத்தவில்லை. கைப்பேசியை அவளிடமே நீட்டுவார். ஒரு காலை, மடித்த தாளோடு வந்து நின்றார்.

"ஒண்ணு காட்டணும்மா."

"ஆபீசுக்கு நேரமாச்சு. அப்புறம்பா."

அந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

பிறகு அந்தச் செய்தித்தாள் நிறுவனத்தின் மீது அவளுடைய அலுவலகத்தில் புகார்கள் குவிந்தன. விசாரணையில் அவர்களுடைய வக்கீல் சொன்னார்: "எழுதித்தானே இருக்கு!" அவளுக்குச் சுருக்கென்றது. எழுதியிருப்பது கண்ணில் படுகிறதா என்று ஆட்களை உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். நாற்பது பேரை வரவழைத்தாள்.

அதற்கு முன் ஓர் ஒத்திகை. நேரம் குறிக்கும் உதவியாளருக்கு அலுவலகத்தில் 'ஸ்டாப்வாட்ச்' என்று பட்டப்பெயர். கட்டத்தை வேறிடத்துக்கு மாற்றிய ஒரு பக்கத்தை அவர் அவளிடமே நீட்டினார். கட்டத்தைப் பார்க்காமலே சட்டென்று பொத்தானை அழுத்தினாள்.

"ஏழே செகண்டு மேடம். நீங்களும் காலி!"

சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் கட்டத்தைக் கவனிக்கவே இல்லை. கண் பெரிய பொத்தானுக்குத்தான் போகும், முன்கூட்டியே போட்ட டிக்கைக் கை எடுக்காது, இது யாருடைய முட்டாள்தனமும் அல்ல என்று அறிக்கையில் எழுதினாள். நிறுவனம் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதன் நகலை வைக்க அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். மேலாகவே அந்த மடித்த தாள் இருந்தது. அதே பக்கத்தின் அச்சுப்பிரதி. சாம்பல் வரியைச் சுற்றிச் சிவப்பு மை. ஓரத்தில் அவருடைய கையெழுத்து: 'எழுத்தைப் பெரிதாக்கவும். பொத்தானுக்கு மேலே கொண்டுவரவும். கட்டம் காலியாக இருக்கட்டும்.'

உத்தரவும் இதே மூன்றைத்தான் சொன்னது.

"காட்டுங்கப்பா, பாக்கறேன்," என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாரையாவது "படிச்சுப் பாக்க மாட்டீங்களா" என்று அதட்டியிருப்பீர்கள். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். உங்களைப் போல அதட்டிய இன்னொருவரிடமும் சொல்லுங்கள்.