செய்யூர்ப் பக்கத்து ஆயரம்மாவின் கடைசி ஞாயிறு

கடற்கரை, குன்று, பழைய கோயில் என்று எழுதிக்கொண்டிருந்தவள், இந்த முறை ஒரு சின்ன தேவாலயத்தைப் பற்றி எழுதப் போகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே போகத் திட்டமிடுகிறவர்களுக்கு வழி, பேருந்து, சாப்பாடு எல்லாம் இதில் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் மனசு ஆறாமல் எழுதுகிற பதிவு இது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹெலன் என் கல்லூரி விடுதித் தோழி. ஆங்கிலிக்கன் மரபில் வந்த, பல ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு பேராயத்தில் ஆயராக இருக்கிறாள். நம் ஊர்ப் பேச்சில் பாஸ்டர், கிராமத்துச் சபைகளில் ஐயர் என்றும் சொல்வார்கள். செய்யூரிலிருந்து கடல் பக்கமாகச் சிதறிக் கிடக்கும் ஆறு கிராமங்கள் சேர்ந்தது அவளுடைய சேகரம். மூன்று வருஷமாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் வர்றேன் வர்றேன் என்று டபாய்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் ஒருநாள் போன் செய்தாள். "மாறுதல் வந்துடுச்சு சுமதி. பேராயத்தோட அந்தக் கடைசிக்குப் போறேன். கடைசி ஞாயிறு ஆராதனைக்காவது வாடி." இதற்கும் போகாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் காலை 7.10 மின்சார ரயில், செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே போயிருக்கலாம். உட்புற வழியையும் பார்ப்போமே என்று ஆசை. செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை. மதுராந்தகம் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. படாளத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று கால் மணி நேரத்தைத் தின்றது. மதுராந்தகத்திலிருந்து செய்யூருக்கு நகரப் பேருந்து, பெண்களுக்கு இலவசம். நடத்துநரிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "இன்னாக்கா, இப்பத்தான் ஏறினீங்க. ஒக்காருங்க, ஊரு வந்தா எறக்கி வுட்றேன்" என்றார். சொன்னபடி இறக்கியும் விட்டார். வழியெல்லாம் சவுக்குத் தோப்பு, வேர்க்கடலை பிடுங்கிப் போட்ட வயல். அப்போதே பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது.

ஹெலன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். தன் ஊரின் பெயரை எழுதாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஏன் என்பது போகப் போகப் புரியும். ஆயர் வீடு முழுக்க அட்டைப்பெட்டி. நடுவில் ஒருவர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். அறுபது வயதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. பெயர் சாலமன். ஊரில் போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர், இந்தச் சபையின் பொருளாளர்.

"போவப் போற வூட்டு மோட்டார எதுக்குண்ணே இப்ப ரிப்பேர் பண்றீங்க?" என்றாள் ஹெலன்.

"வர்ற ஐயருக்குத் தண்ணி வாணாமா? ஆயரம்மா மோட்டார ஒட்சிட்டுப் பூட்டாங்கன்னு பேர் வரக் கூடாதுல்ல?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "மெட்ராஸ்லேர்ந்தா? நாஸ்தா ஆச்சா?"

எனக்கு ஆளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

மத்தியானம் ஹெலனின் கணவர் பிரபு கல்பாக்கம் அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தார். சாப்பிடும்போது அவர் சொன்ன கதைக்கு எனக்குப் புரை ஏறிவிட்டது. அவர்கள் சபையில் ஆயரின் மனைவிதான் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி, அது காலகாலமாக உள்ள வழக்கம். இங்கே ஆயரே பெண். அப்படியானால் தலைவி யார்? முதல் மாதம் நான்கு பெண்கள் வந்து, "ஐயா, நீங்கதான் வந்து ஜெபத்தோட ஆரம்பிச்சு வெக்கணும்" என்று பிரபுவைக் கூப்பிட்டார்களாம். மனுஷன் போய் ஆரம்பித்தும் வைத்திருக்கிறார்! புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சிரிக்கவும் தெரியும், சமாளிக்கவும் தெரியும். ஆனால் பெட்டி கட்டிக் கட்டி இரண்டு பேர் முகமும் வாடிப்போயிருந்தது. வீடு சபையுடையது, ஜன்னல் திரைக் கம்பியைக்கூட விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மகள் அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு, அவளை விடுதியில் சேர்க்கிறார்கள். பிரபு கல்பாக்கத்தில் தனி அறை எடுக்கிறார். ஒரு குடும்பம் மூன்று ஊரில். ஆயர் வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி என்று நினைத்திருந்தேன். நானும் உட்கார்ந்து பெட்டி கட்ட உதவினேன்.

சாயங்காலம் உப்பளம் பக்கம் நடந்தோம். செய்யூர்ப் பக்கம் வருகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். ஐந்து மணிக்கு மேல் போனால் காற்று நன்றாக இருக்கும், கொசுவும் நன்றாக இருக்கும். அங்கேதான் ஹெலன் சாலமன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்காகக் கமிட்டில சண்டை போடுவாரு. நடுரோட்டுல ஸ்கூட்டர் நின்னா அவருதான் வருவாரு. என் பொண்ணுக்குக் காய்ச்சல்னா செங்கல்பட்டு வரைக்கும் வந்து ஒக்காந்திருப்பாரு. ஆனா மூணு வருஷத்துல ஒரு தடவகூட என் கையால திருவிருந்து வாங்கல."

திருவிருந்து தெரியாதவர்களுக்கு: இயேசுவின் கடைசி விருந்தின் நினைவாக, மாதத்துக்கு ஒருமுறை அந்த ஊர் ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். அப்பம் என்றால் நம் ஆப்பம் இல்லை, ஒரு ரூபாய்க் காசு அளவில் மெல்லிய வெள்ளை வட்டம். அதை ஆயர்தான் ஜெபித்துக் கொடுக்க முடியும். பெண் கையால் அதை வாங்குவது அந்த ஊரில் சாலமன் அண்ணனின் அப்பா காலத்தில் இல்லாத வழக்கம். அதனால் திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய், புங்கமரத்தடியில் தன் பைக் மேல் உட்கார்ந்துகொள்வார். எல்லாம் முடிந்து ஆசீர்வாதம் கூறும்போது உள்ளே வருவார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டுக்குப் போய் அங்கே ஓர் ஆண் ஆயரிடம் வாங்கிக்கொண்டு வருவார்.

"நீ கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"கூப்பிட்டா வந்துடுவாரு, என் மரியாதைக்காக. அதுக்காக வர்றது எனக்கு வேண்டாம். அவரா வரணும். ஒவ்வொரு தடவையும் அவருக்குன்னு ஒரு அப்பம் கூடுதலா எடுத்து வெப்பேன். கடைசில நானே சாப்பிட்டுடுவேன். யாருக்கும் தெரியாது, கோயில்ல எனக்கு ஒதவி செய்யற எஸ்தருக்கு மட்டும் தெரியும்."

"நாளைக்குக் கடைசி. வருவாரா?"

"தெரியல" என்றாள். அவ்வளவு ஆசையை ஒரு வார்த்தையில் வைத்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடலோரக் குப்பத்தில் ஓர் ஆராதனை. ஓலைக்கொட்டகை, இருபது பேர், ஒரு தபேலா. அங்கிருந்து திரும்பி ஒன்பதரைக்குப் பெரிய கோயில், தேவாலயத்தை அங்கே கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பெரியது என்று பெயர்தான், பின் வரிசையில் உட்கார்ந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆரம்பிக்கும் முன் எஸ்தர் அம்மா வந்து ஹெலனிடம் விரல் காட்டி ஆள் கணக்குச் சொன்னாள், அந்தக் கணக்குக்குத்தான் அப்பம் எடுத்து வைப்பார்களாம். அவள்தான் மேஜை விரிப்பு, பாத்திரம் எல்லாம் தயார் செய்பவள். சாலமன் அண்ணன் வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவி, காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்தது. அவர் எழுந்து வெளியே போனார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

மேஜைக்கு முன்னால் இருந்த கம்பியோரம் வரிசையாக வந்து முழந்தாளிட்டார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். பலர் அழுதார்கள். எல்லாரும் முடிந்ததும் ஹெலன் பாத்திரத்தில் மிச்சமிருந்ததைக் குடித்தாள். ஜெபித்த அப்பத்தையும் ரசத்தையும் மிச்சம் வைக்கக் கூடாது, கீழே ஊற்றக் கூடாது. ஆயரே உண்டு குடித்து, கழுவித் துடைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கு. அவள் துடைத்துக் கவிழ்த்து வெள்ளைத் துணியைப் போட்டபோது பாட்டின் கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது சாலமன் அண்ணன் உள்ளே வந்தார்.

நடுவழியாக நேரே நடந்துபோய், கம்பியோரம் முழந்தாளிட்டு, இரண்டு கையையும் ஏந்தினார். பாட்டு அங்கங்கே நின்றுபோனது. ஹெலன் கையில் துடைத்த துணியோடு அப்படியே நின்றாள். பிறகு திடுக்கிட்டுத் திரும்பி, அப்பம் வைக்கிற டப்பாவை எடுக்கப் பின்னறைக்கு ஓடினாள். மறுபடி எடுத்து ஜெபித்துக் கொடுக்கலாமாம், அதற்கு வழி உண்டாம். ஆனால் அவர் கவிழ்த்து வைத்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டார். மெதுவாக எழுந்தார். அவள் டப்பாவோடு திரும்பி வந்தபோது சிரிக்கப் பார்த்தார்.

"தீந்துபோச்சா? பரவால்லமா, பரவால்ல. அடுத்த வாட்டி."

அடுத்த வாட்டி கிடையாது என்று அங்கே தெரியாதவர் யார்? "அண்ணே, இருங்கண்ணே" என்றாள் ஹெலன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓரமாகப் போய்ப் பாட்டுப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார்.

பிரிவுபசார விருந்து. கோழி பிரியாணி, கத்தரிக்காய்ப் பச்சடி. சாலமன் அண்ணன்தான் பரிமாறினார், "இன்னாக்கா, இத்தினூண்டு துன்றீங்க?" என்று என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். ஹெலனைக் காணோம். போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"இன்னிக்கு அவருக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கலியாடி?"

"வெக்கல. கடைசி நாள்லயும் அவரோடத நானே தின்னுட்டுப் போகணுமேன்னு மனசு வரல. எஸ்தர் கேட்டா, 'வெக்கட்டுமா'ன்னு. வேண்டாம்னு நான்தான் சொன்னேன். வெச்சிருந்தா, அது மிச்சம் இருக்கேன்னாவது ஒரு தடவ வாசல் பக்கம் பாத்திருப்பேன். மூணு வருஷமா பாத்தேனே சுமதி. இன்னிக்கு மட்டும் பாக்கல."

கூடவே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றரைக்கு என்னைக் கடற்கரைச் சாலை நிறுத்தத்தில் இறக்கிவிடச் சாலமன் அண்ணனே பைக் எடுத்தார். பாதி வழியில் எனக்கு அடக்க முடியவில்லை. "ஏண்ணே இத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டேன்.

"மொதல்ல புடிக்கல, அது நெசம்" என்றார் முகத்தைத் திருப்பாமல். "ஒரு வருசத்துலயே அதெல்லாம் பூட்ச்சி. அப்பால வெக்கம். இத்தினி நாள் வெளிய குந்திகினு இருந்துட்டு இன்னா மூஞ்ச வெச்சுகினு உள்ள போறது? இன்னிக்குக்கூட மொதல் சரணத்துலயே செருப்ப கயட்டிட்டேன்கா. வாசல்லயே நின்னுகினு இருந்தேன். காலு வரல."

நான் அப்போது சொன்னேன். ஒவ்வொரு முறையும் உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைத்திருந்தாள் என்று. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பேருந்து வந்ததும் என் பையைத் தூக்கிக் கொடுத்து, "பாத்துப் போங்கக்கா" என்றார். கண் சிவந்திருந்தது.

திரும்பும் வழி பற்றி: புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்துகள் அந்த நிறுத்தத்தில் கை காட்டினால் நிற்கும், ஆனால் ஞாயிறு மாலை உட்கார இடம் கிடைக்காது. மாமல்லபுரத்தில் இறங்கிக் கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிடுவதாகத் திட்டம். இறங்கவே இல்லை. முட்டுக்காடு படகுத்துறை அருகே நெரிசலில் அரை மணி நேரம் போனது, திருவான்மியூர் வந்தபோது ஏழு. நீங்கள் போவதென்றால் சனிக்கிழமை காலை கடற்கரைச் சாலை வழியாகப் போய், மதுராந்தகம் வழியாகத் திரும்புங்கள். தொப்பி, தண்ணீர், உப்பளத்துக்குக் கொசு மருந்து. செய்யூரில் தங்க நல்ல விடுதி நான் பார்க்கவில்லை, மாமல்லபுரத்தில் தங்கிப் போய்வருவது நல்லது. சின்னக் கோயில்களில் ஆராதனை நேரத்தில் போனால் செருப்பை வெளியே விட்டுப் பின் வரிசையில் உட்காருங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டுப் போகச் சொல்வார்கள்.

ஜூன் மாதம் ஹெலன் புது ஊரிலிருந்து பேசினாள். எஸ்தர் அவளுக்குப் போன் செய்தாளாம். புது ஆயர் வந்துவிட்டார், ஆண். முதல் திருவிருந்து அன்று பாட்டு ஆரம்பித்ததும் சாலமன் அண்ணன் எழுந்து, வெளியே போய், புங்கமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்துகொண்டாராம். செங்கல்பட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாராம்.

"இப்பவாவது கூப்பிடேண்டி. பஸ் ஏறி உன்கிட்ட வரட்டும்" என்று கத்தினேன்.

"முடியாது சுமதி. மாறிப்போன ஆயர் பழைய சேகரத்து ஆளைக் கூப்பிடக் கூடாது. அங்க இப்ப வேற ஆயர் இருக்காரு. அது எங்க ஒழுங்கு. கூப்பிடலாம்னு இருந்தப்ப நான் கூப்பிடல."

"அப்போ என்னதான் பண்ணப் போற?"

"என்ன பண்றது. இங்க ஆள் எண்ணினதுக்கு மேல ஒண்ணு கூடுதலா எடுத்து வெச்சுக்கறேன்" என்றாள்.

அதை மாதாமாதம் அவளேதான் சாப்பிடுகிறாள்.