பதினேழாம் பெட்டி

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இன்றும் அப்படித்தான், ஒன்பது வயதில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட என்னைத்தான் பள்ளி விடுமுறையில் செந்தூல் ஃபிளாட்டில் அத்தைக்குத் துணையாக விட்டுவிட்டு, அப்பா கிள்ளானுக்குத் திரும்பினார். மூன்று மாதத்துக்கு முன் மாமாவைப் பிரிந்து வந்தபோது அத்தையின் கையில் மாவுக்கட்டு இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்து வருவதாக அப்பா முடிவு செய்துவிட்டார். "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சா சரியாயிடும்லா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலை. எலிக்கு ஏது சனி, ஞாயிறு? என்னைத் தனியே விட மனமில்லாமல் சனிக்கிழமை கூடவே கூட்டிப் போனாள். முகக்கவசமும் கணுக்கால்வரை தொங்கிய அங்கியும் மாட்டிவிட்டாள். "எதையும் தொடாத பாப்பா, என் வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் பெட்டி கழுவப் போனாள்.

சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பெட்டிகள். மரச்சீவல் மெத்தையில் வெள்ளை எலிகள் நாலைந்தாக ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. பதினேழாம் பெட்டியில் மட்டும் ஒன்றே ஒன்று. பதினெட்டிலும் அப்படியே. நாற்காலியைச் சுற்றினேன், பெட்டிகளை எண்ணினேன், மறுபடி எண்ணினேன். அடப் பாவமே, பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படித் தனியாகவா! கம்பி மூடியைத் தூக்கி, பதினேழை வாலைப் பிடித்துப் பதினெட்டில் விட்டேன். இரண்டும் மோந்து பார்த்துக்கொண்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நிமிடம் கீச்சென்று சத்தம், மரச்சீவல் பறந்தது. நான் போட்ட கூச்சலில் அத்தை ஓடிவந்து பிரித்தெடுத்தாள். பதினேழின் முதுகில் ரத்தம்.

"ரெண்டும் கடா எலி பாப்பா. சேத்து வச்சா கடிச்சே கொன்னுரும். அதான் பிரிச்சு வச்சிருக்கு."

அடிப்பாள் என்று பயந்தேன். அடிக்கவில்லை. கால்நடை மருத்துவரைப் போனில் அழைத்து, "என் தப்புதான் டாக்டர்" என்றாள். அவர் வந்து மருந்து போட்டு, அவளைக் கடிந்துவிட்டுப் போனார். பதினேழைப் பழைய பெட்டியில் விட்டு, புதிதாக டிஷ்யூத் தாள் போட்டாள். அது கொஞ்ச நேரம் நடுங்கியது. பிறகு தாளைக் கிழித்துக் கூடு கட்ட ஆரம்பித்தது. அத்தை வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தனியா இருக்கே, பாவம் இல்லையா அத்தை?"

"மொதல்ல காயம் ஆறட்டும்."

மறுநாள் அப்பாவும் மாமாவும் ஃபிளாட்டின் கம்பிக்கதவு முன் நின்றார்கள். மாமா கையில் ஆப்பிள் பழப் பை. "தொறம்மா, அவரு இப்ப மாறிட்டாரு" என்றார் அப்பா. நான் சாவியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அத்தை அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க மட்டும்னா வாங்க."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். எலி விஷயத்தில் அத்தைக்கு என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் சாவியைப் பிடுங்கினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.