அண்ணை வெட்டாத வயர்

என் அண்ணையோடு நான் கடைசியாகக் கதைத்தது ஒரு சாண் வயரைப் பற்றி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கூடப் பிறந்து, ஐம்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்து, குண்டுவீச்சுக்குப் பயந்து ஒரே பங்கர்க் குழிக்குள் ஒடுங்கிக் கிடந்து, ஒரே சைக்கிளில் சாமான் கட்டி ஊர் ஊராக ஓடியவர்கள் நாங்கள். பிரிகிற நேரத்தில் பேசக் கிடைத்தது அதுதான்.

அண்ணையின் வீடு கொக்குவிலில், ரயில் பாதையிலிருந்து இரண்டு வீட்டு வளவு தள்ளி. தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கு முப்பது வருடம் கிற்றார் வாசித்தவர். வால்வு போட்ட அம்பிளிஃபயரின் சத்தம்தான் சத்தம், மற்றதெல்லாம் தகரத்தில் தட்டுவது என்பது அவருடைய கொள்கை. ஆசை தீராமல், பாகம் பாகமாக வரும் ஒரு பெட்டியை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார். வால்வுகள், ரான்ஸ்போமர்கள், ஓட்டை போட்ட தகரச் சட்டம், ஒரு கொத்து வயர், ஒரு வரைபடம். மிச்சத்தை நாங்களே ஈயம் வைத்து ஒட்டிச் சேர்க்க வேண்டும்.

நான் படவரைஞன். வேலைக்காலம் முழுக்க நேர்கோடு போட்டவன். அடுத்தவர் வீட்டில் கலண்டர் கோணலாகத் தொங்கினாலும் அதை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவேன். என் மனைவி இதற்காகவே என்னோடு விருந்துக்கு வர யோசிப்பாள். அப்படிப்பட்ட நான் அண்ணையின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த மாதிரிப் பெட்டியில் வயர் ஓடுகிற விதம்தான் பாதி வேலை. வால்வைச் சூடாக்கும் இரண்டு வயர்களையும் பின்னல் மாதிரி இறுக்கி முறுக்கி, சட்டத்தின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். தளர விட்டால் இரையும். கிற்றாரிலிருந்து வரும் வயர் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது. அது மின்சார வயரைக் கடக்க வேண்டி வந்தால் செங்கோணத்தில் குறுக்கே கடக்க வேண்டும், பக்கத்தில் படுக்கக் கூடாது. எர்த் வயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். இவ்வளவும் பெட்டியோடு வந்த தாளில் படம் போட்டே இருந்தது.

அண்ணை அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். வாசித்துவிட்டு, அதுவரை போட்ட ஒவ்வொரு வயரிலும் ஒரு சாண் கூடுதலாக விட்டு, அந்த மிச்சத்தை விரலில் சுற்றிச் சுருளாக்கி, தையல் நூலால் முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளியிருந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மின்சாரமே இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. எங்கள் வீட்டில் மிதித்தவன் நான், ரேடியோவைத் திருத்தியவர் அவர். வயர் வாங்கக் கிடையாது, இடிந்த வீட்டுச் சுவர்களிலிருந்து உருவியதுதான். வெட்டினால் நீளம் போய்விடும் என்று யாரும் வெட்டமாட்டார்கள். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடுவார்கள், அடுத்த பெட்டிக்கு உதவட்டும் என்று. இன்றைக்குக் கடையில் கட்டுக் கட்டாக வயர் தொங்குகிறது. ஆனால் அந்தக் காலத்தில் தொழில் பழகிய கைக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“அண்ணை, உந்த மிச்சத்தை வெட்டுங்கோ,” என்றேன். “உந்தச் சுருள் எல்லாம் ஏரியல் மாதிரி இரைச்சலை இழுக்கும்.”

“கிடக்கட்டும்டா. நாளைக்கு வேறை ஒண்டுக்குத் தேவைப்படும்.”

“எந்த நாளைக்கு? சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்?”

அவர் அடுத்த சுருளைக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நீங்கள் இன்னும் பங்கருக்குள்ளைதான் இருக்கிறியள், அண்ணை. வெளியிலை வரவே இல்லை.”

அண்ணை ஈயக்கோலின் சுவிட்சை நிறுத்தினார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ,” என்றார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலை, சவரம் செய்துகொண்டு நின்றவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்துவிட்டார்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சொன்ன சொல் ஆளைப் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கோடு போட ஸ்கேலை வைத்தால் அந்த வாக்கியம் கேட்டது. குளிக்கும்போது, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, என் குரலிலேயே கேட்டது. அதற்கு அவர் சொல்லாமல் விட்ட பதிலை நான்தான் விதம் விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து அண்ணி கூப்பிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அண்ணி தனியே இருந்தார். பெட்டி மேசையில், விரிப்பால் மூடியபடி அப்படியே கிடந்தது.

“தம்பி, அவர் துவங்கினது உப்பிடிக் கிடக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாமல் இருக்கு. முடிச்சுத் தாங்கோ. ஒண்டு மட்டும் சொல்லுறன். அவர் செய்ததைக் குலைக்காதேங்கோ.”

“ஓம் அண்ணி,” என்றேன். மனதுக்குள் அழுதேன் என்றே சொல்லவேண்டும். அவருடைய கைவேலையைத் தொடாமல் மிச்சத்தை முடித்துக் கொடுத்தால், நான் சொன்னதை அவர் மன்னித்தது மாதிரி. வேறு வழி எதுவும் எனக்கு மிச்சம் இருக்கவில்லை.

நாலு பின்னேரம் வேலை செய்தேன். என் பாதியில் ஒவ்வொரு வளைவும் செங்கோணம், ஒவ்வொரு ஒட்டும் மினுங்கியது. அவருடைய பாதியில் நூல் கட்டிய சுருள்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒரு சட்டத்துக்குள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பது போல எனக்குப் பட்டது. ஐந்தாம் நாள் பின்னேரம் கிற்றாரைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு இரைச்சல் வந்தது.

சாதாரண இரைச்சல் இல்லை. தாழ்ந்து, அடித்தொண்டையில் உறுமுவது மாதிரி. அதற்குள்ளே யாரோ கதைத்தார்கள். சொல் விளங்கவில்லை. ஆண்குரல், ஒரு வாக்கியம், ஒரு இடைவெளி, பிறகு இன்னொரு வாக்கியம். கடலுக்கு அக்கரையிலிருந்து வரும் ஏதோ ஒரு வானொலியைத்தான் அந்தச் சுருள்கள் இழுக்கின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவிட்சுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ரயில் போனது, வால்வுகளின் கண்ணாடி அதிர்ந்து பெட்டிக்குள் கிண்ணென்றது. இருமுவதற்கு முன் அண்ணை தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் கேட்டது என்று நான் சத்தியம் பண்ணத் தயார்.

“நிப்பாட்டவோ அண்ணி? சரியான இரைச்சல்.”

“வேண்டாம்,” என்றார் அண்ணி. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அண்ணி அதைப் போட்டார். கிற்றாரைத் தொடுவதில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு முருங்கைக்காய் வெட்டுவார், உடுப்பு மடிப்பார். நான் போகும் நாட்களில் மூன்று பேர் இருக்கிற அறை மாதிரியே இருக்கும். என்னால் அங்கே கால்மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. அந்த உறுமல் எனக்கு அண்ணையின் பதிலாகக் கேட்டது. நீதானே இழுக்கும் என்று சொன்னாய், இழுக்குது பார் என்பது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி தேவாலயத்துக்குப் போயிருந்தார். வீட்டைத் திறக்க என்னிடமும் ஒரு திறப்பு இருந்தது. அவருக்கு ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்னது பொய். எனக்கு அந்தக் குரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி, கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரத்தை இறக்கினேன். பிறகு நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தேன், சுருள்களை வெட்டினேன். சூடாக்கும் வயர்களை இறுக்கி முறுக்கி மூலைக்குத் தள்ளினேன். இரண்டு மணித்தியாலத்தில் தாளில் உள்ள படம் மாதிரியே வந்துவிட்டது. போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரை மூடிய துணியில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. செத்துப்போன மனுசனோடு வாதாடி வென்றுவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோசம் வந்தது. அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணி வந்தார். சேலை மாற்றாமலே சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சிவக்கும்வரை நின்றார், சிவந்த பிறகும் நின்றார். சத்தத்தைக் கூட்டும் குமிழைக் கடைசி மட்டும் திருப்பினார்.

“எங்கை?” என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணி சட்டத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணி, நான் திருப்பிப் போடுறன். இப்பவே போடுறன்.”

குப்பைவாளியைக் கவிழ்த்து வெட்டிய துண்டுகளைப் பொறுக்கினேன். சுவிட்சை நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி ஒட்டினேன். விரலில் சுற்றிச் சுருளாக்கி, அண்ணியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்துக் கட்டினேன். அண்ணை போட்ட முடிச்சு எனக்குப் போடத் தெரியவில்லை. என் முடிச்சைப் போட்டேன். அண்ணி பக்கத்தில் கதிரையில் இருந்து, தேவாலயத்துப் புத்தகத்தை மடியில் வைத்தபடி, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன். இரைச்சல் வந்தது. அதே அளவு, அதே உறுமல். குரலும் வந்தது. ஒரு வாக்கியம், ஒரு இடைவெளி, இன்னொரு வாக்கியம். எனக்கு மூச்சு வந்தது.

“வந்திட்டுது அண்ணி,” என்றேன்.

அண்ணி கொஞ்ச நேரம் தலையைச் சரித்துக் கேட்டார்.

“உது உங்கடை இரைச்சல், தம்பி,” என்றார். “நிப்பாட்டுங்கோ.”