பஸ் நிறுத்தத்துத் தார்

ஸ்ட்ரெதம் பஸ் நிறுத்தத்தில் புதுத் தார் போட்ட அன்று மேற்பார்வை நான்தான். பஸ் பிரேக் அடிக்கும்போதெல்லாம் தாரின் மேற்படை முன்னால் தள்ளுப்படும். கீழே உள்ள பழைய படையோடு ஒட்டாவிட்டால் பெயர்ந்துவிடும். அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவில் நீர் கலந்த ஒட்டுத் தார் தெளிப்போம். தெளித்தவுடன் அது மண்ணிறமாக இருக்கும். நீர் வற்றிக் கறுத்த பிறகுதான் பிடிக்கும். அன்று கறுக்குமுன்பே சூடான தாரோடு லொறிகள் வந்துவிட்டன.

“தங்கச்சி, தார் ஆறுது. இனியும் நிக்க ஏலாது,” என்றார் தார் பரப்பும் இயந்திரம் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணை.

“கறுக்காமல் ஒரு லொறியையும் ஏற விடமாட்டன், அண்ணை.”

எல்லாரும் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். கறுத்த பிறகே கையைக் காட்டினேன்.

பிறகு அங்கே துளைத்தெடுத்த தார் உருளையை ஆய்வுகூடத்தில் உடையும்வரை பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் கீழிருந்த பழைய படைதான் உடைந்தது. ஒட்டிய இடம் அசையவில்லை.

நேற்று நான் வந்த பஸ் அதே நிறுத்தத்தில் சடாரென்று நின்றது. பக்கத்தில் நின்ற அம்மா என்மேல் சாய்ந்து, “என்ன பிரேக் அடிக்கிறான் இவன்!” என்று திட்டினார்.

இன்னும் நல்லாய் அடிக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.