சாமிக்கு ஒரு சீட்டு, பரீட்சைக்கு ஒரு சீட்டு

ஆமா, ரெண்டு காப்பி அடிச்சுத்தான் குடுப்பேன். ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு பரீட்சைக்கு. ரெண்டாவதுக்குக் காசு வேணாம், வச்சுக்குங்க. எதுக்கு ரெண்டுன்னு கேட்டீங்கல்ல, உக்காருங்க, சொல்றேன். ஃபோட்டோஸ்டேட் கடைங்கிறது வெளிய போர்டுல மட்டும்தான். உள்ள நடக்கிறது பாதி கிளினிக், பாதி கோர்ட்டு.

பிரிக்ஃபீல்ட்ஸ்ல பதினெட்டு வருஷமா இந்த மெஷின் பக்கத்துல நிக்கிறேன். ஆறாம் வகுப்புல பிள்ளை வச்சிருக்கிறவங்க கதவைத் தள்ளும்போதே தெரிஞ்சிடும். ஆஸ்ராமா பள்ளியில தங்கிப் படிக்க வைக்கணும், அதுக்கு நுழைவுத் தேர்வு எழுதணும், அதுக்கு ஆன்லைன்ல விண்ணப்பப் பாரம் போடணும். ராத்திரி தூங்கியிருக்க மாட்டாங்க. நீங்களும் தூங்கலன்னு உங்க கண்ணே சொல்லுது. பரவால்ல, நாம எல்லாம் ஒரே கூட்டம்தான்.

அண்ணன் போன பள்ளிக்கூடம்

சுமதின்னு ஒருத்தங்க. கிள்ளான்ல வீடு, இங்க ரெண்டு கடை தள்ளி இருக்கிற பல் கிளினிக்ல கிளீனிங் வேலை. தினமும் கோமுட்டர் ரயில்ல வருவாங்க. புருஷன் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுறாரு. போன வருஷம் ஒருநாள் மக தர்ஷினியக் கூட்டிட்டு வந்து, "அண்ணே, பாரம் போடணும்"னாங்க.

நான் தட்டிக்கிட்டே, "வீட்டுப் பக்கத்துலயே இடைநிலைப் பள்ளி இருக்கே, அது வேணாமா?"ன்னு கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான். அந்தப் பள்ளியிலதான் மூத்த பையன் படிச்சானாம். மூணாம் பாரத்தோட, அதாவது ஒன்பதாம் வகுப்போட நின்னுட்டானாம். இப்ப பகல்ல தூங்குறான், சாயங்காலம் எங்க போறான்னு வீட்டுல யாரும் கேக்குறதில்லையாம்.

அப்பா சம்பளம், அம்மா சம்பளம், வீட்டுல எத்தனை பேருன்னு எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். பிள்ளை பக்கத்துல இருந்த வீணாப்போன தாளை எடுத்து என்னமோ கட்டம் கட்டமா வரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. கடைசியில சப்மிட் அழுத்தும்போது சுமதி மெதுவா சொன்னாங்க: "இவ அங்க போய் டாக்டரா வரணும்னு இல்லண்ணே, அண்ணன் போன அந்த கேட்டுக்குள்ள மட்டும் போயிடக்கூடாது."

எந்த ஊருல கேள்வி சுலபம்

பூச்சோங்ல இருந்து நாகப்பன்னு ஒருத்தர் வருவாரு. இன்சூரன்ஸ்ல இருக்காரு, நல்ல காடி, நல்ல சட்டை. அவருக்கு இந்தப் பரீட்சை மேல நம்பிக்கையே கிடையாது. கேள்வி மலாய்ல இருக்கு, நம்ம பிள்ளைங்க தமிழ்ப்பள்ளியில கணக்கைத் தமிழ்ல போட்டுப் பழகினதுங்க, எப்படி சமமாகும்னு கேப்பாரு. அது நியாயமான கேள்விதான். அப்புறம் மார்க் ஏன் காட்ட மாட்டேங்கிறாங்கன்னு கேப்பாரு. அதுவும் நியாயம்தான்.

ஒருநாள் வந்து, கிள்ளான் பக்கம் கேள்வி சுலபமாம், மகனோட பரீட்சை இடத்தை மச்சினிச்சி வீட்டு அட்ரஸுக்கு மாத்துங்கன்னாரு. எல்லா ஊருக்கும் ஒரே கேள்விதான்னு சொன்னேன். "நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"ன்னு கேட்டாரு. பகல்ல லோரியில கெலின்டான், அதான் டிரைவருக்குக் கையாள் வேலை, ராத்திரி வகுப்புல அஞ்சாம் பாரம், அதுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, கண்ணு முழிச்சிருந்தா போதும்னேன். அவரு சிரிக்கல. இந்த வருஷம் என்ன வரும்னு ஒரு வாத்தியார் ஊகம் பண்ணித் தயாரிச்ச கேள்வித்தாள் எங்க கடையில விக்கும். அதுல ஒண்ணு வாங்கிக்கிட்டு, வெளிய போனவரு திரும்பி வந்து என் காதுகிட்ட சொன்னாரு: "பாஸ், இவன் வகுப்புப் பிள்ளைங்க யாராவது வந்து கேட்டா, முடிஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க லா."

கோபம் வருமா வராதா

அந்தப் பரீட்சை ரெண்டு பாகம். முதல் பாகத்துல மூளைக்கு வேலை. நாலு படம் குடுத்து அடுத்த படம் எதுன்னு கேப்பான். ரெண்டாவது பாகத்துல குணத்தைக் கேப்பான். 'எனக்கு அடிக்கடி கோபம் வரும்', ஆமாவா இல்லையா. 'நண்பனுக்கு உதவுவேன்', ஆமாவா இல்லையா.

முதல் பாகம் தர்ஷினிக்குத் தண்ணி குடிக்கிற மாதிரி. லீவு நாள்ல சுமதி வேலை முடியற வரைக்கும் என் கவுண்டர்ல உக்காந்து பழைய தாளைப் போடும். நான் ஒரு தாளை ஸ்டேப்பிள் பண்றதுக்குள்ள ரெண்டு பக்கம் முடிச்சிடும். ஒரு தடவை விடைத்தாளை எடுத்து ஒத்துப் பார்த்தேன். ஒரு இடத்துல வித்தியாசம் வந்துச்சு. உக்காந்து யோசிச்சா, விடைத்தாள்தான் தப்பு.

ரெண்டாவது பாகத்துலதான் சுமதிக்குப் பயம். கோபம் வரும்னு போட்டா எடுக்க மாட்டாங்க. வராதுன்னு போட்டா பொய். வீட்டுல அண்ணன்கூட தினம் சண்டை நடக்குதே. எது சரியான விடைன்னு என்கிட்ட கேட்டாங்க. மனசுல பட்டதைப் போடச் சொல்லுங்கன்னேன். தர்ஷினி தாள்ல இருந்து தலையைத் தூக்கிக் கேட்டுச்சு: "அங்கிள், எனக்குக் கோபம் வரும்னு அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

நாலு மூலையும்

பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி சீட்டு வந்துச்சு. ஒரு தாள்தான். பேரு, ஐசி அடையாள அட்டை நம்பர், எந்த இடம். வலது பக்க மேல் மூலையில ஒரு கியூஆர் கட்டம். பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். சுமதி நேரா கோயிலுக்குப் போய்ட்டாங்க.

நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் சரி, காடி கிரான்ட், அதான் கார் பத்திரமா இருந்தாலும் சரி, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்காம எந்தத் தாளும் மங்களமாகாது. சீட்டைத் தட்டுல வச்சு அர்ச்சனை பண்ணி, நாலு மூலையிலயும் பொட்டு வச்சு, ஈரத்தோட கொண்டு வந்தாங்க. நம்ம இன்னொரு பழக்கமும் தெரியும். லேமினேட் பண்ணாத பத்திரம் நம்ம வீட்டுல இருக்காது. குங்குமம் உதிரக்கூடாது, அப்படியே லேமினேட் பண்ணிக் குடுங்கன்னாங்க.

மேல் மூலையில சிவப்பா இருந்ததை நான் பார்த்தேன். பார்க்கலன்னு சொன்னா பொய். பின்னாடி ஏழெட்டுப் பேர் நின்னாங்க. உறைக்குள்ள வச்சு மெஷினுக்குள்ள விட்டேன். சூட்டுல ஈரக் குங்குமம் இளகி, அந்தப் பக்கம் வரும்போது கட்டம் முழுக்கச் சிவந்து போயிருந்துச்சு. அப்பவாவது நிறுத்தி, இன்னொரு பிரிண்ட் எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஓரத்தை நேரா வெட்டிக் குடுத்தேன். சுமதி அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "இப்பத்தாண்ணே நெஞ்சு அடங்குச்சு."

இருபது நிமிஷம்

பரீட்சை கம்ப்யூட்டர்ல. எல்லாருக்கும் ஒரே நேரத்துல திறக்கும், ஒரே நேரத்துல மூடும். வாசல்ல ஒரு ஆபிசர் பிள்ளைங்க சீட்டை ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி உள்ள விட்டாராம். தர்ஷினி சீட்டு ஸ்கேன் ஆகல. துடைச்சுப் பார்த்தாராம். குங்குமம் பிளாஸ்டிக்குக்கு உள்ள இருக்கு, எங்க துடைக்கிறது? ஓரமா நிக்கச் சொல்லிட்டு மத்தவங்களை எல்லாம் விட்டாராம். அவரு மேல தப்பு இல்ல, அவருக்கு அவரு வேலை. அம்மா கேட்டுக்கு வெளிய. பிள்ளைகிட்ட போன் கிடையாது.

பேரு லிஸ்ட்டைத் தேடி எடுத்து, ஐசியப் பார்த்து உள்ள விடும்போது இருபது நிமிஷம் போயிடுச்சு. முதல் பாகமே மொத்தம் நாப்பது நிமிஷம்தான். அந்தப் படம் போட்ட பாகம். மறுநாள் சுமதி வந்து இதை ஒரு குறையாச் சொல்லல, நடந்ததைச் சொன்னாங்க. நான் தலையைக் குனிஞ்சு பேப்பர் அடுக்கிக்கிட்டிருந்தேன். பாதிதான் போட முடிஞ்சுதான்னு கேட்டேன். தர்ஷினிதான் பதில் சொல்லுச்சு: "பாதி இல்ல அங்கிள், பதினோரு கேள்வி பாக்கி, அதுல ஒன்பது எனக்குத் தெரியும்."

ரொம்ப நியாயம்

ரிசல்ட் வந்த அன்னைக்குக் கடையில நிக்க இடமில்ல. வீட்டுல போன் இருந்தாலும் நம்ம ஆளுங்க இங்கதான் வருவாங்க. கெட்ட சேதின்னா பக்கத்துல ஒரு ஆள் வேணும். தர்ஷினி நம்பரைப் போட்டேன். சாம்பல் கலர்ல ஒரு கட்டம், அதுல ரெண்டு வரி. மன்னிக்கவும், விண்ணப்பம் வெற்றி பெறல. மார்க் இல்ல, காரணம் இல்ல. சுமதி அந்த ரெண்டு வரியையும் ரொம்ப நேரம் படிச்சாங்க. "மார்க் எங்கண்ணே இருக்கு, கீழயா?"ன்னு கேட்டாங்க. கீழ ஒண்ணும் இல்ல.

அவங்க போய்ப் பத்து நிமிஷத்துல நாகப்பன் வந்தாரு. மகன் நம்பரைப் போட்டேன். பச்சைக் கட்டம். அவரு கண்ணாடியக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாரு. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பையனும் படிச்ச பையன்தான். கடிதத்தை மூணு காப்பி எடுத்து, மூணையும் லேமினேட் பண்ணச் சொல்லிட்டு, ஒரு வருஷமா என்கிட்ட வழக்கு நடத்தின மனுஷன் சொன்னாரு: "இந்த வருஷம் பரவால்ல பாஸ், ரொம்ப நியாயமா செஞ்சிருக்காங்க."

காரணம் எழுதுற கட்டம்

ராயுவான், அதாவது அப்பீல் போடலாம்னு நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். பாரத்துல 'காரணம்'னு ஒரு பெரிய கட்டம் இருக்கும். எல்லாருக்கும் நான் ஒரே மாதிரி எழுதுவேன். ஏழைக் குடும்பம், நல்ல பிள்ளை, கருணை காட்டுங்க. அன்னைக்குக் கை வரல. "சுமதி, ஒண்ணு சொல்லணும்"னேன். சிவப்பைப் பார்த்தது, கூட்டம் நின்னது, அப்படியே விட்டது, எல்லாத்தையும் சொன்னேன். கடைக்காரன் தப்புன்னே எழுதிடுறேன், கீழ நான் கையெழுத்துப் போடுறேன்னேன்.

அவங்க பையில இருந்து அந்தச் சீட்டை எடுத்து கவுண்டர்ல வச்சாங்க. இவ்வளவு நாளா பையிலதான் வச்சிருந்திருக்காங்க. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். கடைசியில, நடந்ததை நடந்தபடியே எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "குங்குமம் வச்சதாலன்னு எழுதாதீங்கண்ணே, பிள்ளை அப்புறம் கோயிலுக்கே வரமாட்டா."

இன்னைக்கு

இப்ப தர்ஷினி அண்ணன் போன பள்ளிக்கூடத்துக்குத்தான் போகுது. அப்பீல் முடிவு வர்ற வரைக்கும்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. யூனிஃபார்ம்கூட ஒரே ஒரு செட்டுதான் எடுத்தாங்க. ரெண்டாவது எடுத்தா அதுவே நிலைச்சிடும்னு பயம்.

முடிவு இன்னைக்குக் காலைல வந்துடுச்சு. அந்தப் பிள்ளையோட ஐசி நம்பர் எனக்கு மனப்பாடம். கடை திறந்ததும் போட்டுப் பார்த்தேன். அதே சாம்பல் கட்டம், அதே ரெண்டு வரி. நான் எழுதினதை யாராவது படிச்சாங்களான்னு அதுல இல்ல. சுமதிக்கு இன்னும் தெரியாது. போன்ல பார்க்க மாட்டேன், வேலை முடிஞ்சு வந்து உங்க முன்னாடிதான் பார்ப்பேன்னு சொல்லியிருக்காங்க. ஒரு மணிக்கு முடியும். அதான் நீங்க வந்ததுல இருந்து நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன், உங்களை விரட்டுறதுக்கு இல்ல.

இந்தாங்க உங்க ரெண்டு தாள். நல்லா இருக்கிறதைச் சாமிகிட்ட வைங்க, கட்டம் தெளிவா இருக்கிறதைப் பிள்ளைகிட்ட குடுங்க. ரெண்டையும் லேமினேட் பண்ண மாட்டேன், கேக்காதீங்க. பரீட்சை நியாயமா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு, தாள் தெளிவா வர்றது ஒண்ணுதான் என் பொறுப்பு, பதினெட்டு வருஷத்துல அதையும் அன்னைக்கு ஒருநாள் சரியா செய்யல.

"அண்ணே, சிஸ்டம் ஓடுதா?"

வந்துட்டாங்க. வரேன்.