பத்து மாதம் அலமாரியில் கிடந்த துணி

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வட்டக்கோட்டைக்கு எந்த பஸ், பத்மநாபபுரம் அரண்மனைக்கு என்றைக்கு விடுமுறை என்றுதான் எழுதுவேன். இது யாரும் ஆசைப்பட்டுப் போகிற பயணமில்லை. போக வேண்டி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2013 ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை. கூட வந்தவள் மேரி, பெயரை மாற்றியிருக்கிறேன். கடற்கரையில் மீன் விற்கிறவள். அவள் மகள் என்னிடம் படித்தவள், அப்போது கல்லூரியில் இருந்தாள். முந்தின ஆகஸ்டில் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்தான். அன்று மேரி எனக்குத்தான் போன் செய்தாள். துணியைத் துவைக்காதே, பத்திரமாக வை என்றேன். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது. அவளோ அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மீன் பெட்டியில், ஐஸுக்கு நடுவே வைத்துவிட்டாள். மாலையில் போலீஸ் வந்து பையோடு எடுத்துப் போனது.

பத்து மாதமாகியும் பரிசோதனை அறிக்கை வரவில்லை. காவல் நிலையத்தில் கேட்டால் 'அனுப்பியாச்சு' என்று ஒரே பாட்டு. ஐஸில் வைத்ததால்தான் கெட்டுப்போனதோ என்று மேரிக்குச் சோறு இறங்கவில்லை.

வடசேரி பஸ் நிலையத்தில் காலை 7.10 பஸ். துணியை அனுப்பியதாகச் சொன்ன ஆய்வகம் இருக்கும் திருநெல்வேலிக்கு எண்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்க்க ஜன்னலோரம் உட்காருங்கள் என்று வேறு சமயமானால் எழுதியிருப்பேன். மேரி கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தாள்.

திருநெல்வேலி பஸ் நிலையத்திலிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். அங்கிருந்த அம்மா பொறுமையானவர். முடிவு நீதிமன்றத்துக்குத்தான் போகும் என்றார். பொட்டலம் வந்த தேதியை மட்டும் பதிவேட்டில் பார்த்துச் சொன்னார். போன வாரம்! அதுவரை காவல் நிலையத்து அலமாரியில்தான் கிடந்திருக்கிறது.

மேரி ஐஸ் விஷயத்தைக் கேட்டாள். குளிர்ச்சி கெடுக்காது, ஈரத்தை உலர்த்தாமல் பிளாஸ்டிக்கில் கட்டிப் பூட்டி வைப்பதுதான் கெடுக்கும் என்றார் அந்த அம்மா.

திரும்பும்போது பஸ் நாங்குநேரியைத் தாண்டியது. மேரி சொன்னாள்:

"மீனுன்னா மணிக்கூருக்கு ஒருக்கா தொறந்து பாப்போம் டீச்சரே. எம் புள்ள துணிய பத்து மாசம் ஒருத்தரும் நெனைக்கலியே."

போகிறவர்களுக்கு: குளிக்காமல், துவைக்காமல் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஈரத் துணியை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்றுங்கள். வழக்கு எண்ணையும், பொட்டலம் ஆய்வகம் போன தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நாங்கள் பத்து மாதம் இருந்தோம்.

செப்டம்பரில் அறிக்கை வந்தது. துணியில் பூஞ்சை, பரிசோதிக்க முடியவில்லை. இனி மகள் சாட்சிக் கூண்டேறிச் சொல்வதைத்தான் நம்பியிருக்க வேண்டும். அதை அவளிடம் சொல்ல மேரிக்கு நா எழவில்லை. நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்போ அத திருப்பித் தருவாவளா டீச்சர்? எரிக்கணும்."

வழக்கு முடியும்வரை தர மாட்டார்கள் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.